ஆறாத புண்ணும் ஆராய்ந்த மருந்தும்

நாட்டு வரலாறு எழுதுவோர் மன்னரின் முடியை நோக்கி எழுதுவது வழக்கம். மக்களின் அடியை நோக்கி எழுதியவர் மிகச் சிலரே. ஆயினும் ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றை உள்ளவாறு அறிய விரும்புவோர் அடியிலிருந்துதான் தொடங்குதல் வேண்டும். பதுளையைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் காடு வெட்டியதும், பாதை சமைத்ததும், கோப்பிக் கன்று நட்டதும், பின்னர் தேயிலைக் கொழுந்து பறித்ததும் வெறுங்காலுடன் வந்த மக்களே. அவர்தம் பாதங்களில் தோன்றிய புண்களை ஆற்றுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக் காலமாகப் பற்பல மருந்துகள் கையாளப்பட்டன. அவற்றுள் எது நன்று, எது தீது என்பதை அறிந்த முறை யாது? ஒரு மருந்து பயன் தந்தது என்று சொல்வதற்கு எதனை அளவுகோலாகக் கொண்டனர்? இன்று நீரிழிவு நோயினால் பாதத்தை இழக்கும் அபாயத்தில் இருப்போருக்கு இவ்வினாக்கள் வெறும் பழங்கதையல்ல. காலைக் காப்பதற்கும் இழப்பதற்கும் இடையேயுள்ள வேறுபாடு அவற்றின் விடையிலேயே தங்கியுள்ளது.

நமுனுக்குலை மலையின் நிழலில் அமைந்துள்ள பதுளை நகரம் ஊவா மாகாணத்தின் தலைநகராகும். அந்நகரத்திலிருந்து பசறை, மடூல்சீமை, லுணுகலை எனக் கிழக்கு நோக்கியும், ஹாலி-எல, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை என மேற்கு நோக்கியும் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவையெல்லாம் கோப்பித் தோட்டங்களாயிருந்தன. 1869ஆம் ஆண்டில் மடூல்சீமையிலேதான் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறமான துருநோய் முதன்முதலிற் கண்டுபிடிக்கப்பட்டது. அந்நோய் இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பித் தொழிலையே அழித்துவிட்டது. அதன்பின் தேயிலை வந்தது. 1890ஆம் ஆண்டில் தோமஸ் லிப்டன் என்னும் வணிகர் அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். பயிர் மாறியது; முதலாளிமார் மாறினர். ஆனால் மலையேறிய கால்கள் மாறவில்லை.

சேலம், திருச்சிராப்பள்ளி முதலான தமிழக மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட மக்கள், கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைவரை நடந்தனர். அங்கிருந்து ஊவாவுக்கு மேலும் பல நாட் பயணம். தலைமன்னாருக்கு 1914ஆம் ஆண்டிலும் பதுளைக்கு 1924ஆம் ஆண்டிலும் புகையிரதம் வந்தது. அதற்கு முன்னர் தோட்டத்தை அடைந்தவருள் மிகப் பலருக்கு அந்நெடுவழியே முதற்புண்ணைத் தந்தது. தோட்டத்தில் வாழ்க்கை தொடங்கிய பின்னரும் ஈரமண், அட்டைக்கடி, கவ்வாத்து வெட்டிய தேயிலைத் தூரின் கூர்முனை, லயத்தைச் சுற்றிய சேறு ஆகியவை நாள்தோறும் பாதத்தைத் தாக்கின.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளைக் கவனித்தற்பொருட்டு 1872ஆம் ஆண்டில் அரசாங்கம் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி மலைநாடு மருத்துவ வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. பின்னர் 1912ஆம் ஆண்டில் அச்சட்டம் விரிவாக்கப்பட்டது. வட்டார வைத்தியசாலைகளும் தோட்டத்து மருந்துச் சாலைகளும் தோன்றின. எனினும் அக்காலத்தில் பாதப்புண்ணுக்குச் செய்யப்பட்ட சிகிச்சையின் அளவுகோல் மிக எளியது. தொழிலாளி பெரட்டுக்கு மீண்டும் வந்து பேர் போட்டுக்கொண்டால் மருந்து பலித்தது, வராவிட்டால் பலிக்கவில்லை. புண் உண்மையில் ஆறியதா, வறுமையினால் வலியைப் பொறுத்துக்கொண்டு வந்தாரா என்று அவ்வளவுகோல் பிரித்துக் காட்டவில்லை.

பாதப்புண்களெல்லாம் ஒன்றல்ல என்ற தெளிவு மெதுவாகவே பிறந்தது. இலங்கையில் பறங்கிப்புண் எனப்பட்ட நோயைப் பற்றி, அரசாங்க மருத்துவத் தலைவராயிருந்த கின்சி என்பவர் 1881ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டார். அதன் கிருமியைக் கொழும்பிலே 1905ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் கஸ்டெலானி என்னும் இத்தாலிய அறிஞர். காரணம் தெரிந்தபின் அப்புண்ணுக்குரிய மருந்தும் பிற்காலத்திற் கிடைத்தது. ஊசி மருந்தாக வந்த பெனிசிலின் அந்நோயை ஏறக்குறைய ஒழித்தே விட்டது. புண்ணின் தோற்றத்தைப் பார்த்து மருந்திடுவதை விட்டு, புண்ணின் காரணத்தைப் பார்த்து மருந்திட வேண்டும் என்பது அதனாற் பெற்ற முதற் பாடம்.

இரண்டாம் பாடம் தோட்டங்களுக்கே உரியது. 1898ஆம் ஆண்டில் எகிப்து நாட்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஆர்தர் லூஸ் என்பவர், கொழுக்கிப் புழுவின் இளம்புழுக்கள் கலந்த நீர் தம் கையிற் சிந்தியபோது, அவை தோலைத் துளைத்து உட்புகுவதை உணர்ந்தார். நான்கு ஆண்டுகளின்பின், 1902இல், அசாம் தேயிலைத் தோட்டங்களில் பணியாற்றிய பென்ட்லி என்னும் வைத்தியர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். அங்குத் தொழிலாளர் 'பானி காவ்', அதாவது நீர்ப்புண் என்று கூறிய பாதநோய், மண்ணிலுள்ள அப்புழுக்கள் தோல்வழி நுழையும் வாசலே என அவர் காட்டினார். நம்மவர் சேற்றுப்புண் என்று சொல்லி மஞ்சள் அரைத்துப் பூசிவந்த புண்களுட் சில அவ்வகையைச் சார்ந்தவையே. விரலிடுக்கில் தோன்றிய அரிப்பு இரண்டொரு வாரத்தில் மறைந்தது. ஆனால் அவ்வழியே உட்சென்ற புழு குடலிலிருந்து ஆண்டுக்கணக்கில் குருதியை உறிஞ்சியது. சோம்பலென்று கருதப்பட்ட சோகை, பாதத்தின் வழியே வந்த நோயாயிற்று.

1916ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டு றொக்பெல்லர் நிறுவனத்தின் சுகாதாரப் பிரிவு, இலங்கை அரசாங்கத்தோடு சேர்ந்து மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொழுக்கிப் புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. அவ்வியக்கம் பின்னர் பிற தோட்டப் பகுதிகளுக்கும் பரவியது. கீனோபோடியம் என்னும் எண்ணெய் மருந்தைக் கொடுத்துப் பேதி உப்பும் கொடுத்தனர். மருந்து உண்ட நாளில் தொழிலாளி வேலை செய்ய இயலாது; ஆகையால் தோட்டத்துரைமாரும் தயங்கினர், தொழிலாளரும் அஞ்சினர். இங்குதான் மருந்தை மதிப்பிடும் முறையில் ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்தது. அக்கால ஆராய்ச்சியாளர் நோயாளி எழுந்து நடந்தாரா என்று மட்டும் பார்க்கவில்லை. வெளியேறிய புழுக்களைச் சல்லடையில் அரித்து எண்ணினர். 1923இல் ஸ்டோல் என்பவர் மலத்திலுள்ள முட்டைகளை எண்ணும் முறையொன்றையும் வகுத்தார். ஊகத்தின் இடத்தை எண் பிடித்தது.

அவ்வெண் மட்டும் போதுமா? 1921இல் அமெரிக்காவின் மோரிஸ் ஹோல், துணி வெளுப்பதற்கும் தீயணைப்பதற்கும் பயன்பட்ட கார்பன் டெட்ராகுளோரைட்டு என்னும் திரவம் புழுவைக் கொல்லும் என்று கண்டார். மருந்து மலிவு, ஒரே வேளை போதும், எண்ணிக்கையோ வியக்கத்தக்கது. பீஜித் தீவிலே எஸ். எம். லம்பேட் என்பவர் பல்லாயிரம் பேருக்கு அதனைக் கொடுத்தார். ஆனால் மதுப்பழக்கம் உடையோரிடமும் உடல் நலிந்தோரிடமும் அம்மருந்து ஈரலைத் தாக்கி உயிரையும் வாங்கியது. சில ஆண்டுகளில் அதனிலும் பாதுகாப்பான மருந்து அதன் இடத்தைப் பிடித்தது. புழுவை எண்ணிய கை, இறந்தவரையும் எண்ணவேண்டும் என்ற உண்மை அப்போது விளங்கியது. இன்னொரு குறையும் வெளிப்பட்டது. மருந்துண்டு புழு நீங்கிய தொழிலாளி, கழிப்பிடமில்லாத லயத்துக்கே வெறுங்காலுடன் திரும்பினார். மண்ணில் புழு இருந்தது. மறுபடியும் பாதத்தில் ஏறியது. நோயாளியைக் குணப்படுத்திவிட்டு நிலத்தைக் குணப்படுத்தாமல் விட்டால் சிகிச்சை நிலைக்காது என்பதே அவ்வியக்கம் விட்டுச்சென்ற பாடம். மலசலகூடமும் காலணியும் மருந்துப் பட்டியலிற் சேரவேண்டியவையாயின.

இனி நீரிழிவின் கதைக்கு வருவோம். இனிப்பு நீர் நோய் தமிழ் மருத்துவத்துக்குப் புதிதன்று. மதுமேகம் என்று அதனைக் கூறிய சித்தர் நூன்மரபு, பிரமேகத்தைத் தொடர்ந்து பிளவை தோன்றும் என்பதையும் அறிந்திருந்தது. மேனாட்டில், 1884இல் பிறெடரிக் றீவ்ஸ் என்னும் இலண்டன் அறுவை வைத்தியர், பாதத்தின் அடியில் துளைபோல விழும் புண்ணுக்குக் களிம்பு போதாது. அதனைச் சுற்றியுள்ள தடித்த காய்ப்பைச் சீவி நீக்கி, பாதத்துக்கு ஓய்வு கொடுத்தல் வேண்டும் என்று எழுதினார். 1887இல் பிறைஸ் என்பவர், நீரிழிவு நோயாளி ஒருவரின் இரு பாதங்களிலும் இத்தகைய புண்கள் இருந்ததையும், அவர் நரம்புகள் கெட்டிருந்ததையும் சேர்த்துப் பதிவுசெய்தார்.

1922இல் இன்சுலின் முதன்முதலாக நோயாளிக்கு ஏற்றப்பட்டது. அதுவரை மயக்கமுற்று மாண்டவர்கள் நீண்டநாள் வாழத் தொடங்கினர். நீண்டநாள் வாழ்ந்தவரின் பாதங்கள் அழுகத் தொடங்கின. அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்து ஜொஸ்லின் என்னும் புகழ்பெற்ற வைத்தியர் 1934ஆம் ஆண்டில் இவ்வபாயத்தைக் குறித்து எழுதுகையில், பாத அழுகல் விதியால் வருவதன்று, தடுக்கத்தக்க காரணங்களால் வருவது என்று வற்புறுத்தினார். பாதத்தை நாளும் கழுவுதலும் பார்த்தலும் நோயாளி கற்கவேண்டிய கல்வி என்பது அவர் கொள்கை.

அப்பத்தாண்டிலேயே இலங்கையில் ஓர் அரிய முயற்சி நடைபெற்றது. அதனைச் செய்தவர் மில்ரோய் போல் என்னும் தமிழ் அறுவை வைத்தியர். பிற்காலத்தில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் அறுவைச் சிகிச்சைத்துறைப் பேராசிரியராக விளங்கியவர் அவர். தொழுநோயாளரின் ஆறாத பாதப்புண்களுக்கு, உடைந்த எலும்புக்குக் கட்டுவது போன்ற பாரிஸ் சாந்துக் கட்டைப் பாதத்தோடு ஒட்டும்படி போட்டு, அக்கட்டுடனேயே நோயாளியை நடக்கவிட்டார். மாதக்கணக்கில் மருந்து கட்டியும் ஆறாத புண்கள் மூடிய கட்டுக்குள் ஆறின. இந்தியாவிலும் ஏறக்குறைய அக்காலத்திலேயே இம்முறை கையாளப்பட்டது. புண்ணைத் திறந்து நாள்தோறும் மருந்து வைப்பதே சிகிச்சை என்று எண்ணிய உலகத்துக்கு இது முரணாகத் தோன்றியது.

இம்முரணின் பொருளை விளக்கியவர் போல் பிரான்ட். கொல்லிமலையிலே சமய ஊழியர் குடும்பத்தில் 1914இல் பிறந்த அவர், 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் பாதங்களை ஆண்டுக்கணக்கிற் கவனித்து அவர் கண்ட உண்மை இது: அப்பாதங்களில் தசை அழுகுவது நோய்க்கிருமி தின்பதனால் அன்று, வலி தெரியாமையால். வலியுள்ளவன் காலில் கல் குத்தினால் நடையை மாற்றுவான், நொண்டுவான், நிற்பான். வலியற்றவன் புண்ணின்மேலேயே ஆயிரம் முறை மிதிப்பான். ஒவ்வோர் அடியும் புண்ணைப் புதுப்பிக்கும். சாந்துக்கட்டு அந்தப் பாரத்தை ஓரிடத்தில் விழவிடாமல் பாதம் முழுவதிலும் காலிலும் பரப்பிவிடுகிறது. ஆகவே புண் ஆறுகிறது. 1966இல் அமெரிக்காவின் காவில் என்னும் ஊரிலுள்ள தொழுநோய் வைத்தியசாலைக்குச் சென்ற பிரான்ட், நீரிழிவு நோயாளரின் பாதங்களும் அதே வழியில் மரத்துப்போவதைக் கண்டார். இலங்கையிலும் தமிழகத்திலும் தொழுநோயாளரிடம் கற்ற பாடம் அங்கு நீரிழிவு மருத்துவத்துக்குள் நுழைந்தது.

எனினும் ஒரு வைத்தியரின் அனுபவம் எவ்வளவு சிறந்ததாயினும் அது சான்றாகிவிடாது. புண் தானாகவே ஆறியிருக்கலாமன்றோ? ஆகவே ஒப்பீட்டு ஆராய்ச்சி வேண்டப்பட்டது. திருவுளச்சீட்டு எடுப்பதுபோல நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூறினருக்குப் புதிய சிகிச்சையும் மறு கூறினருக்கு வழக்கமான சிகிச்சையும் அளித்து, பின்னர் இரண்டையும் எண்ணிப் பார்ப்பதே அம்முறை. 1989இல் அமெரிக்காவில் முல்லர் என்பவரும் குழுவினரும் அவ்வாறு 40 நீரிழிவு நோயாளரை ஆராய்ந்தனர். சாந்துக்கட்டுப் போட்ட 21 பேரில் 19 பேருக்குப் புண் ஆறியது. வழக்கம்போல மருந்து கட்டி ஓய்வெடுக்கச் சொல்லப்பட்ட 19 பேரில் 6 பேருக்கே ஆறியது. இன்னும் கவனிக்கத்தக்கது, சாந்துக்கட்டினருள் ஒருவருக்கேனும் கடுமையான தொற்று ஏற்படவில்லை. மற்றக் கூறில் 5 பேர் தொற்று முற்றி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர். புண்ணின் பாரத்தை நீக்குவதே தொற்றைத் தடுக்கும் முதல் மருந்து என்பது எண்ணால் நிறுவப்பட்டது.

2001இல் ஆம்ஸ்ட்ரோங் குழுவினர் 63 பேரிடம் மேலும் ஓர் ஒப்பீடு செய்தனர். 12 வாரங்களில் சாந்துக்கட்டினால் ஏறத்தாழ நூற்றுக்கு 90 பேருக்குப் புண் ஆறியது. கழற்றத்தக்க காலணியினால் நூற்றுக்கு 65 பேருக்கே ஆறியது. இரண்டும் பாதத்தின் பாரத்தை ஏறக்குறைய ஒரே அளவிற் குறைக்க வல்லவை. அவ்வாறாயின் வேறுபாடு எங்கிருந்து வந்தது? 2003இல் அதே ஆராய்ச்சியாளர் நோயாளரின் நடையைக் கருவிகொண்டு அளந்தபோது விடை கிடைத்தது. கழற்றத்தக்க காலணி பெற்றோர் தம் நடையில் நூற்றுக்கு 28 பங்கின்போதே அதனை அணிந்திருந்தனர். மருந்து குறையுடையதன்று, மருந்து நோயாளியின் வாழ்க்கைக்குள் நுழையவில்லை. ஆனால் கடுமையான தொற்று உள்ள பாதத்துக்கும், குருதியோட்டம் குன்றிய பாதத்துக்கும் மூடிய சாந்துக்கட்டு ஆகாது என்பதையும் அவ்வாராய்ச்சிகளே எச்சரித்தன. எந்தப் புண்ணுக்கு எது என்று தெரிந்தெடுப்பதே வைத்தியரின் அறிவு.

தொற்று மருந்துகளின் கதையும் இவ்வாறே. பெனிசிலின் வந்தபின் புண் என்றாலே நுண்ணுயிர்க் கொல்லி மருந்து என்ற பழக்கம் உலகெங்கும் பரவியது. 1990இல் லிப்ஸ்கி என்பவரும் பிறரும் அமெரிக்காவில், இலேசான பாதத்தொற்றுக் கொண்ட 56 பேருக்கு இருவகை மாத்திரைகளில் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தனர். இரண்டும் ஒரேயளவு பயன் தந்தன. பெரும்பாலோர் வைத்தியசாலையிற் படுக்கவேண்டிய தேவையின்றியே குணமடைந்தனர். 1996இல் ஜெர்மனியில் ஓர் ஆராய்ச்சி வேறொன்றைக் காட்டியது. தொற்று முற்றாத, நரம்புக் கேட்டினால் வந்த புண்ணுடைய 44 பேரில் பாதிப்பேருக்கு நுண்ணுயிர்க் கொல்லியும் பாதிப்பேருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் கொடுக்கப்பட்டன. புண்ணைத் துப்புரவாக்கிப் பாரத்தையும் நீக்கியபோது, மருந்துண்டவருக்கும் உண்ணாதவருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. 2015இல் பிரான்சு நாட்டில், எலும்புவரை தொற்றுச் சென்றும் அறுவையின்றிச் சிகிச்சை பெற்ற 40 பேரிடம், ஆறு வார மருந்தையும் பன்னிரண்டு வார மருந்தையும் ஒப்பிட்டனர். ஆறு வாரம் உண்ட 20 பேரில் 12 பேரும், பன்னிரண்டு வாரம் உண்ட 20 பேரில் 14 பேரும் குணமடைந்தனர். இத்துணைச் சிறிய வேறுபாட்டைக் கொண்டு நீண்டகால மருந்தே மேலானது என்று சொல்ல இயலவில்லை.

இத்தகைய ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து நிறுத்துப் பார்த்த சர்வதேச அறிஞர் குழுவினர் சில முடிவுகளை வகுத்துள்ளனர். வீக்கம், சிவப்பு, வெப்பம், நோவு, சீழ் ஆகியவற்றுள் இரண்டேனும் இருந்தாற்றான் புண்ணில் தொற்று உண்டு எனக் கொள்ளவேண்டும்; தொற்றில்லாத புண்ணுக்கு நுண்ணுயிர்க் கொல்லி வேண்டாம். எக்கிருமி என்றறியப் புண்ணின் மேற்பரப்பைப் பஞ்சினால் தடவி எடுத்தல் ஏமாற்றும். துப்புரவாக்கிய புண்ணின் ஆழத்திலிருந்து சிறு தசைத்துண்டு எடுத்தலே நன்று. விலையுயர்ந்த பற்பல பூச்சுகளும் கட்டுகளும் தொற்றைத் தீர்ப்பதற்கு உதவும் என்பதற்குப் போதிய சான்றில்லை. நம்மவர் கருந்தோலில் சிவப்பு எளிதிற் புலப்படாது; மரத்த பாதத்தில் நோவும் தெரியாது. ஆகவே வெப்பமும் வீக்கமும் கண்டறிவதற்குப் பயிற்சி பெற்ற கையே இங்குச் சிறந்த கருவியாகும்.

இவ்வறிவையெல்லாம் பதுளை மலைக்குக் கொண்டுவரும்போது என்ன நிகழ்கிறது? தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் தனியார் நிருவாகத்துக்குச் சென்றன. கொழுக்கிப் புழுவும் பறங்கிப்புண்ணும் அச்சமூட்டிய காலம் மறைந்தது. நீரிழிவோ வளர்ந்தது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதிலும் நடத்தப்பட்ட ஆய்வொன்று, வயதுவந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு எனக் காட்டியது. 2007இல் வெளிவந்த இலங்கை ஆய்வொன்று, வெளியிடங்களில் நெடுநேரம் வெறுங்காலுடன் நடக்கும் நீரிழிவு நோயாளரிடம் விரலிடுக்கிலும் நகத்திலும் தொற்று மிகுதி என்று கூறியது. அசாமில் பென்ட்லி கண்ட அதே வாசல், நூறாண்டு கழிந்தும் திறந்தே இருந்தது. நுழையும் பகைவன் மட்டும் மாறிவிட்டான்.

2004ஆம் ஆண்டில், இந்தியா, இலங்கை முதலிய நாடுகளின் வைத்தியருக்கும் தாதியருக்கும் பாதப் பராமரிப்பைப் படிப்படியாகக் கற்பிக்கும் திட்டமொன்று தொடங்கப்பட்டது. சென்னை இராயபுரத்தில் 1954இல் தோன்றிய நீரிழிவு வைத்தியசாலையினர், பாரத்தைப் பரப்பும் மென்மையான உள்ளடியுடைய செருப்பணிந்தவருக்குப் புண் மீண்டும் வருவது வெகுவாகக் குறைந்ததை 2004இல் வெளியிட்டனர். வேலூரில் தொழுநோயாளருக்காகப் பயன்பட்ட எம்.சி.ஆர். ரப்பர்ச் செருப்பு இவ்வாறு நீரிழிவு நோயாளரின் காலிலும் ஏறியது. இது சிறு செய்தியன்று. ஆறிய பாதப்புண்களுள் நூற்றுக்கு 40 ஓராண்டுக்குள்ளேயே மீண்டும் வருகின்றன என்று 2017இல் அறிஞர் கணக்கிட்டனர். புண் மூடியது என்பது வெற்றியன்று. மூடியே இருந்தது என்பதே வெற்றி.

இவ்விடத்தில்தான் தோட்ட மக்களின் இடர் முன்னிற்கிறது. புண்ணுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்வது வைத்தியருக்கு எளிது. நாட்கூலியில் வாழும் கொழுந்தெடுப்பவருக்கு ஓய்வு என்பது இழந்த பேர். இழந்த பேர் என்பது குறைந்த அரிசி. சாந்துக்கட்டோ வாரந்தோறும் அவிழ்த்துப் பார்த்து மீண்டும் போடவேண்டியது. தொலைவிலுள்ள மடூல்சீமைத் தோட்டமொன்றிலிருந்து பதுளைக்குப் போய்வர ஒரு முழுநாள் கழியும். மழையில் வழுக்கும் செங்குத்தான மலையில் எம்.சி.ஆர். செருப்பு பிடிப்புத் தராது என்று கழற்றி வைத்துவிட்டு ஏறுவோரைக் குற்றம் சொல்வது எளிது. ஆனால் அவர் மலைக்கேற்ற காலணியை அவருக்குக் கொடுத்தவர் யார்? பஞ்சணையிட்ட நகரத்துத் தரையில் நடந்தவரைக் கொண்டு நிறுவப்பட்ட சிகிச்சை, தேயிலைச் சரிவில் நடப்பவரைக் கொண்டும் சோதிக்கப்படல் வேண்டும். எத்தனை நாள் வேலை இழந்தார், எத்தனை முறை வைத்தியசாலைக்கு நடந்தார், ஓராண்டின்பின் கால் இருந்ததா என்பனவும் அச்சோதனையின் கணக்கிற் சேர்தல் வேண்டும்.

அக்கணக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத செயல்களும் உள. நீரிழிவு உடையோர் மாலையில் லயத்துக்குத் திரும்பியதும் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கை உலரத் துடைத்து, வெளிச்சத்தில் அடியைப் பார்த்தல் வேண்டும். தம்மால் குனிய இயலாவிட்டால் பேரப்பிள்ளை பார்க்கட்டும். வெந்நீரில் காலை வைக்குமுன் முழங்கையால் சூடு பார்க்கவேண்டும். அடுப்பருகே காலைக் காய்ச்சுதல் மரத்த பாதத்துக்குப் பெரும் பகை. காலாணியைப் பிளேடினால் அறுப்பதும், புண்மேல் சுண்ணாம்பும் சாம்பலும் அப்புவதும் ஆபத்து. நோவில்லாத புண் சிறிய புண்ணன்று. நோவின்மையே அதன் கொடுமை. வீக்கமோ வெப்பமோ சீழோ நாற்றமோ கண்டால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். காய்ச்சலும் சேர்ந்தால் ஒரு பொழுதும் தாழ்த்தலாகாது.

வெறுங்காலுடன் வந்து மலையை வளமாக்கிய மக்களின் வரலாற்றில் மருத்துவம் மூன்று அளவுகோல்களைக் கையாண்டது. வேலைக்கு வந்தாரா என்று முதலிற் பார்த்தது. புழு செத்ததா, கிருமி செத்ததா என்று பின்னர் எண்ணியது. புண் ஆறியதா, ஆறியபடியே நின்றதா, அதற்கு அம்மருந்துதான் காரணமா என்று இறுதியிற் கேட்கக் கற்றது. இம்மூன்றாம் வினாவைக் கேட்பதற்கு வழிகாட்டிய சாந்துக்கட்டு இந்நாட்டிலேயே அடியெடுத்து வைத்தது என்பதில் இலங்கைத் தமிழர் பெருமை கொள்ளலாம். அதன் பயன் ஊவாவின் கடைசி லயத்துக் கடைசிப் பாதத்தை எட்டும்போதே அப்பெருமை நிறைவுறும்.